ஜிஆர்இ கணிதம்: கால்குலேட்டர் இருந்தும் அடுக்கு, வர்க்கமூலக் கணக்குகளில் தடுமாறுவது ஏன்?

அமெரிக்கா போன்ற நாடுகளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் எழுதும் தேர்வு ஜிஆர்இ. இடிஎஸ் அமைப்பு நடத்தும் இந்தத் தேர்வின் கணிதப் பகுதியில் கணினித் திரையிலேயே கால்குலேட்டர் கொடுக்கிறார்கள். பாடமும் பள்ளிக்கூட அளவைத் தாண்டாது. அப்படியிருந்தும் அடுக்கு, வர்க்கமூலக் கணக்குகளில் மதிப்பெண்ணைக் கோட்டை விடுபவர்கள் உண்டு. எங்கே தப்பு நடக்கிறது? எப்படித் தவிர்க்கலாம்?

ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம்?

2023 செப்டம்பரில் ஜிஆர்இ தேர்வின் நேரம் குறைக்கப்பட்டது. இப்போது கணிதத்தில் 2 பிரிவுகள். முதல் பிரிவில் 12 கேள்விகளுக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விகளுக்கு 26 நிமிடம். சராசரியாகப் பார்த்தால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட கிடையாது. முதல் பிரிவில் எப்படிச் செய்கிறோமோ அதை வைத்துத்தான் இரண்டாம் பிரிவு எவ்வளவு கடினமாக வரும் என்பது முடிவாகும். அதனால் ஆரம்பத்திலேயே ஒரு கணக்கில் 5 நிமிடம் மாட்டிக்கொண்டால் நஷ்டம் அந்தக் கணக்கோடு நிற்காது.

கால்குலேட்டர் ஏன் கைகொடுப்பதில்லை?

ஜிஆர்இ கால்குலேட்டரில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றுக்கு பட்டன் உண்டு. அடுக்குக்கு கிடையாது. திரையில் 8 இலக்கம் வரைதான் தெரியும். விடை 99,999,999-ஐத் தாண்டினால் பிழை என்று காட்டிவிடும். 2³⁰ என்பது 107 கோடிக்கும் மேல், அதாவது 10 இலக்க எண். பட்டனைத் தட்டிக்கொண்டே போனாலும் விடை வராது.

ஆக, இந்தக் கேள்விகள் எண்ணைக் கணக்கிடச் சொல்வதில்லை. எண் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

அடுக்குக் கணக்கு: மூன்று வழிகள்

1. அடுக்கைச் சமமாக்குங்கள். 2³⁰, 3²⁰ இரண்டில் எது பெரியது? 2³⁰ என்பதை (2³)¹⁰, அதாவது 8¹⁰ என்று எழுதலாம். 3²⁰ என்பது (3²)¹⁰, அதாவது 9¹⁰. இப்போது இரண்டுக்கும் அடுக்கு 10. எனவே 3²⁰ தான் பெரியது. பத்து விநாடி வேலை.

2. பொதுக் காரணியை வெளியே எடுங்கள். 4¹⁰ + 4⁸ என்ற எண்ணின் மிகப்பெரிய பகாக் காரணி எது? இரண்டிலும் 4⁸ இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் 4⁸ × (16 + 1), அதாவது 4⁸ × 17. விடை 17. கேள்வியில் 17 எங்குமே இல்லை என்பதால் பலருக்கும் இது தோன்றாது.

3. 2-ஐயும் 5-ஐயும் ஜோடி சேருங்கள். 2⁸ × 5¹⁰ எத்தனை இலக்க எண்? எட்டு 2, எட்டு 5 சேர்ந்தால் 10⁸. மீதி இருப்பது 5², அதாவது 25. 25-க்குப் பின்னால் 8 பூஜ்யம். மொத்தம் 10 இலக்கம்.

அடிக்கடி நடக்கும் தப்பு என்ன?

பெருக்கலுக்கான விதியைக் கூட்டலுக்குப் போடுவதுதான். 2²⁹ × 2²⁹ என்றால் அடுக்குகளைக் கூட்டி 2⁵⁸ என்று எழுதலாம். ஆனால் 2²⁹ + 2²⁹ என்றால்? ஒரே எண் இரண்டு தடவை வருகிறது. அதாவது 2 × 2²⁹. விடை 2³⁰, அவ்வளவுதான். அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு 2⁵⁸ சரியாகத் தெரியும். விடைப் பட்டியலில் அது இருந்தால் கை தானாக அங்கே போகும்.

வர்க்கமூலத்திலும் இதே கதைதான். √(9 + 16) என்பது 3 + 4 = 7 ஆகாது. உள்ளே கூட்டினால் 25, விடை 5. பெருக்கல் என்றால் மட்டுமே பிரிக்கலாம். √50 + √18 வந்தால் √68 என்று போடக் கூடாது. √50 = √25 × √2 = 5√2. √18 = √9 × √2 = 3√2. கூட்டினால் 8√2.

குறி விஷயத்தில் கவனம்

- √25 என்றால் 5 மட்டுமே. √ குறியீடு மிகை மூலத்தைத்தான் குறிக்கும். ஆனால் ஒரு எண்ணின் வர்க்கம் 25 என்று சொன்னால் அது 5 ஆகவும் இருக்கலாம், −5 ஆகவும் இருக்கலாம். இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளில் அந்த எண்ணையும் 5-ஐயும் கொடுத்தால், 'தீர்மானிக்க முடியாது' என்பதுதான் விடை.
- (−2)⁴ = 16. ஆனால் −2⁴ = −16. அடைப்புக்குறி இல்லாவிட்டால் அடுக்கு 2-க்கு மட்டும்தான், குறிக்கு இல்லை.
- வர்க்கம் எப்போதும் பெரிதாகும் என்று நினைக்கக் கூடாது. 1/4-இன் வர்க்கம் 1/16, வர்க்கமூலம் 1/2. 0-க்கும் 1-க்கும் இடையில் உள்ள எண்களுக்கு எல்லாமே தலைகீழ்.

எப்படிப் பயிற்சி எடுப்பது?

2 முதல் 10 வரையிலான எண்களின் சிறிய அடுக்குகளும், 15 வரையிலான வர்க்கங்களும் மனப்பாடமாக இருந்தால் நல்லது. 4, 8, 16 எல்லாமே 2-இன் அடுக்குகள், 9, 27, 81 எல்லாமே 3-இன் அடுக்குகள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். கேள்வியைப் படித்ததும் கால்குலேட்டரைத் திறக்காமல், எண்களைப் பகா எண்களாக உடைத்து ரஃப் தாளில் எழுதிப் பழகலாம்.

விதி மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சிறிய எண்ணைப் போட்டுச் சோதிக்கலாம். 2³ + 2³ என்பது 8 + 8 = 16, அதாவது 2⁴. பெரிய அடுக்குக்கும் இதே விதிதான். கடைசியாக ஒன்று: ஜிஆர்இ தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. நேரம் போதவில்லை என்றாலும் எந்தக் கேள்வியையும் காலியாக விட வேண்டாம்.