யார்க்: சாக்லேட்டும் பசிக் கணக்கும்

இங்கிலாந்தின் யார்க் நகரில், வழிகாட்டியோடு நடந்து கடை கடையாக ருசி பார்க்கும் சுற்றுலா உண்டு. ஷாம்பிள்ஸ் என்ற குறுகலான தெரு ஒரு காலத்தில் முழுக்கக் கறிக்கடைகள். இறைச்சி மாட்டிய கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. நாம் தின்னும் கிட்கேட் கூட 1935-ல் இவ்வூர் ரவுண்ட்ரீ கம்பெனியில் பிறந்ததுதான்.

வங்கிக்காரனான எனக்குப் பிடிபட்டது வேறு கணக்கு. அந்த சாக்லேட் முதலாளியின் மகன் சீபோம் ரவுண்ட்ரீ, 1899-ல் இதே ஊரில் 11,560 குடும்பங்களைக் கணக்கெடுத்தார். ஐந்து பேர் குடும்பம் உயிர்வாழ வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும். அதில் சாப்பாட்டுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ். அந்தச் சாப்பாட்டில் கறிக்கடை இறைச்சியே கிடையாது! அந்த அளவு வருமானம்கூட இல்லாதவர்கள் 7,230 பேர், ஊரில் பத்தில் ஒருவர்.

இங்கே நாக்பூரில் கடன் மனுவில் 'வறுமைக்கோட்டுக்குக் கீழ்' என்று பார்க்கும்போதெல்லாம், கறியில்லாத அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது.