காவிரிக் கரையில் வீடு கட்டிய முறை

காவிரி டெல்டாவில் கல் இல்லை, வண்டல்தான் உண்டு. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்து வந்தது. அதனால் எளியோர் வீடு களிமண் சுவரும் கீற்றுக் கூரையுமாகவும், வசதியுள்ளோர் வீடு செங்கல்லும் நாட்டு ஓடுமாகவும் எழுந்தன. சம்பா அறுவடை முடிந்ததும் வேலை தொடங்குவது வழக்கம். அப்போது கையில் நெல் இருக்கும், வற்றிய ஆற்றில் மணல் கிடைக்கும்.

செங்கல் வீட்டுக்கு உயிர் சுண்ணாம்புக் காரை. வட்டப் பள்ளத்தில் மாடு இழுக்கும் கல் சக்கரம் சுண்ணாம்பையும் மணலையும் அரைக்கும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். காரை மெல்ல இறுகும் என்பதால் அவசரம் செல்லாது. மாதக்கணக்கில் வீட்டார் கண்முன்னே சுவர் வளரும். வாசல் நிலை வைக்கும் நாள் தனிச் சிறப்புடையது. மஞ்சள் குங்குமமிட்ட நிலையைத் தச்சர் நிறுத்துமுன், அடியில் நவதானியமும் பொன் துணுக்கும் இடுவார்கள்.

திண்ணை, ரேழி கடந்தால் முற்றம். அதைச் சுற்றித் தாழ்வாரமும் கூடமும். வெளிச்சமும் காற்றும் மழையும் முற்றத்தின் வழியே வீட்டுக்குள் வந்தன. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் தட்டை ஓடு பரவியது. பின்னர் சிமெண்ட்டும் கான்கிரீட் தளமும் வந்தன. இந்த மாற்றத்தில் முற்றம் மறைந்ததுதான் பெரிய இழப்பு. ஆனால் கிரகப்பிரவேசத்தன்று பசுவை உள்ளே அழைத்துப் பால் காய்ச்சுவதும், கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேட்டி துண்டு கொடுப்பதும் இன்றும் தொடர்கின்றன.