கட்டாயச் சமத்துவம் பற்றிய ஒரு சிறுகதையும் நாமக்கல் பள்ளிகளும்

முன்னுரை

வலியோர் தோளில் எடைப் பைகள். அழகுடையோர் முகத்தில் முகமூடி. அறிவுடையோர் காதில் சிந்தனையைச் சிதறடிக்கும் ஓசைக்கருவி. இவ்வாறு அனைவரையும் சமமாக்கும் அரசைப் பற்றிய சிறுகதை ஒன்று, தலைப்பும் ஆசிரியர் பெயரும் மறந்த பின்னரும் வாசகர் மனத்தில் தங்கிவிடுகிறது. நினைவில் எஞ்சிய அவ்வடிவம் சமத்துவத்திற்கே எதிரான சான்றாகவும் எடுத்தாளப்படுகிறது. அக்கதையின் மூலத்தை அடையாளங்கண்டு, அது எழுப்பும் வினாவைச் சேலம், நாமக்கல் சமவெளியின் கல்வி வரலாற்றில் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலம் காணல்

இக்கருப்பொருளில் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று ஆக்கங்கள் வெளிவந்தன. கர்ட் வானகட்டின் 'தி சைரன்ஸ் ஆஃப் டைட்டன்' (1959) நாவலில் மக்கள் சமயப் பற்றினால் தாமே சுமைகளை அணிகின்றனர். எல்.பி. ஹார்ட்லியின் 'ஃபேஷியல் ஜஸ்டிஸ்' (1960) நாவலில் முகங்கள் அறுவை சிகிச்சையால் ஒரே தரத்தினவாக ஆக்கப்படுகின்றன. சட்டமே சுமைகளை விதிப்பது வானகட்டின் 'ஹாரிசன் பெர்ஜரான்' சிறுகதையில்தான். 1961 அக்டோபரில் அமெரிக்க இதழொன்றில் வெளியான அது, 1968இல் 'வெல்கம் டு த மங்கி ஹவுஸ்' தொகுப்பில் இடம்பெற்றது. ஓசைக்கருவியும் எடைப் பைகளும் சட்டமும் ஒருங்கே நினைவிலிருந்தால் தேடப்படும் கதை இதுவே.

நினைவு விட்டுவிடும் பகுதி

கதை 2081ஆம் ஆண்டில் நிகழ்கிறது. பதினான்கு வயது ஹாரிசன் தளைகளை உடைத்தெறிந்ததும் விடுதலையை அறிவிப்பதில்லை. தன்னைப் பேரரசன் என்று அறிவிக்கிறான். எனவே அவனை வெறும் வீரனாகக் கொள்வது பொருந்தாது. அவன் சுட்டுக் கொல்லப்படுவதைத் தொலைக்காட்சியில் கண்டு அழும் தாய், அழுத காரணத்தைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுகிறாள்.

2005இல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பள்ளி நிதி வழக்கில், வசதியான பகுதி மாணவர்களின் வழக்கறிஞர்கள் இக்கதையை மேற்கோள் காட்டினர். தமது கதை செல்வத்தைப் பற்றியதன்று, திறமையைப் பற்றியது என வானகட் மறுத்தார். ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தரமற்ற கல்வி அளிப்பதே சுமை ஏற்றுதலாகும் என்பது அவர் கருத்து.

சமச்சீர்க் கல்வியும் நாமக்கல்லும்

இதே வாதம் தமிழகத்திலும் வேறு வடிவில் எழுந்தது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்னும் நான்கு பாடத்திட்டங்களை ஒன்றாக்கும் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. பொதுப் பாடநூல் தரத்தைக் குறைக்கும் என்பது எதிர்ப்பாளர் வாதம். 2011இல் புதிய அரசு கொண்டுவந்த திருத்தத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் ஜூலை 18ஆம் நாள் செல்லாதென அறிவித்தது. ஆகஸ்டு 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, பத்து நாள்களுக்குள் பொதுப் பாடத்திட்டத்தை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது.

ஆயினும் பாடநூல் ஒன்றானதால் வாய்ப்பும் ஒன்றாகிவிடவில்லை. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களுக்குப் பெயர்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளிகளின் மையமாயிற்று. கட்டணம் செலுத்த இயன்ற குடும்பங்கள் பிற மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளை இங்கு அனுப்பின. தனியார் பள்ளிகள் பல பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் நடத்துவதாகக் குறை எழுந்தது. 2017இல் அரசு தரவரிசை அறிவிப்பைக் கைவிட்டது; 2017–18 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது.

இவை திறமைமீது ஏற்றிய சுமைகள் அல்ல. தரவரிசை நின்றபோது மாணவரின் மதிப்பெண் குறையவில்லை. பள்ளியின் விளம்பரமே குறைந்தது. பொதுத்தேர்வு எந்த மாணவரையும் கற்கவிடாமல் தடுக்கவில்லை. விடுபட்ட பாடத்தைக் கற்பிக்கச் செய்தது.

முடிவுரை

எனினும் கதையின் எச்சரிக்கை பொருளற்றதன்று. பொதுப் பாடநூலின் தரமே தாழுமாயின், எல்லா மாணவர்மீதும் ஒரே சுமை ஏறும். அதை மிகுதியாகத் தாங்குவோர், வேறு பள்ளி தேட இயலாத ஏழைப் பிள்ளைகளே. அதற்குத் தீர்வு பொது நூலை உயர்த்துவதே அன்றி, மீண்டும் நான்கு நூல்களாக்குவது அன்று. ஒரு சமத்துவ நடவடிக்கை மாணவரின் ஆற்றலைக் கட்டுகிறதா, பிறப்பும் பணமும் ஏற்றிய சுமையை இறக்குகிறதா என்பதே கேட்கவேண்டிய வினா. அரைகுறை நினைவிலிருந்து மூலத்திற்குத் திரும்பும்போதுதான் இவ்வேறுபாடு புலனாகிறது.