வீட்டில் கட்டிய விமானம்

வீட்டில் விமானம் கட்டும் ஆசையைச் சாமானியருக்கும் எட்டவைத்தவர் பிரான்சின் ஆன்ரி மின்யே. அவரது ‘வானத்துப் பேன்’ 1933-இல் பறந்தது. மரச்சட்டம், ஒட்டுப்பலகை, துணி, சிறிய எஞ்சின். தச்சுவேலை தெரிந்தால் போதும். 1934-இல் செய்முறையை நூலாகவே வெளியிட்டார். பிரிட்டனிலும் பலர் கட்டத் தொடங்கினர். அருமையான முயற்சிதான், ஆனால் இறக்கை அமைப்பில் கொடிய குறை இருந்தது. முன்னிறக்கையைச் சாய்த்தே விமானத்தை ஏற்றி இறக்க வேண்டும். பின்னிறக்கை அதை நெருங்கி இருந்ததால், மூக்கு ஓரளவுக்கு மேல் கவிழ்ந்தால் நிமிர்த்த முடியவில்லை. விமானிகள் பலர் உயிரிழந்தனர். 1936-இல் காற்றுச்சுரங்கச் சோதனைகள் காரணத்தைக் காட்டின; பிரிட்டன் தடை விதித்தது. ஆர்வம் மட்டும் அடங்கவில்லை. 1953-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி வீட்டு விமானக்காரர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். இன்று பாகங்கள் பெட்டியிலேயே வருகின்றன. ஆனாலும் அமெரிக்க விதிப்படி, கட்டுமானத்தில் பாதிக்கு மேல் அமெச்சூர்களின் கைவேலையாக இருக்க வேண்டும்.