கொதிநீர் ஊற்றிய வெள்ளைச் சீருடை



போன தவணையில் எமது மாணவி ஒருத்தி நான்கு நாட்கள் தொடர்ந்து பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றே நினைத்தோம். அவளது உம்மாவிடம் விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. சீருடையில் இரத்தக் கறை பட்டுக் காய்ந்துவிட்டது. கொதிநீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். கறை கபில நிறமாகி நூலோடு பிடித்துக்கொண்டது. மாற்றுச் சீருடை இல்லை. வெட்கத்தில் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அந்த உம்மாவைக் குறை சொல்ல முடியாது. அழுக்கென்றால் சூடு என்பது நமக்குப் பரம்பரையாக வந்த பாடம். சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் உவர்மண்ணிலும் சாம்பல் நீரிலும் துணியை ஊறவைத்து வெள்ளாவி வைத்தார்கள். வியர்வைக்கும் எண்ணெய் அழுக்குக்கும் அது நல்ல வழி. சாம்பலில் உள்ள காரம் எண்ணெயைக் கரைக்கும்; சூடு அதற்குத் துணை செய்யும். ஆங்கிலத்தில் காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததுதான். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலுக்கு அரபிகள் வைத்த பெயர் 'அல்-கலி'. அந்தக் காரத்தோடு ஒலிவ் எண்ணெயைக் காய்ச்சித்தான் நாப்லஸிலும் அலெப்போவிலும் சவர்க்காரம் செய்தார்கள்.

சவர்க்காரத்துக்கும் போகாத கறைக்கு வெயில்தான் மருந்து. ஐரோப்பாவில் துணியைக் காரநீரிலும் புளித்த மோரிலும் மாறி மாறி நனைத்து, மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்து வெளுத்தார்கள். 1774இல் சுவீடனின் ஷீலே குளோரீன் வாயுவைக் கண்டுபிடித்தார். அது துணியை வெளுக்கும் என்பதை 1785இல் பிரான்ஸின் பெர்தொலே காட்டினார். 1799இல் ஸ்கொட்லாந்தின் சார்ள்ஸ் டெனன்ட் வெளிற்றும் தூளுக்குக் காப்புரிமை பெற்றார். மாதக்கணக்கான வேலை நாட்கணக்கில் முடிந்தது.

ஆனால் இரத்தக் கறையின் குணமே வேறு. அது புரதம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதுபோல இரத்தமும் சூட்டில் இறுகித் துணியோடு ஒட்டிவிடும். இதற்கான வழி தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. சதையியிலிருந்து எடுத்த, புரதத்தைச் சிதைக்கும் நொதியத்தை ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஒட்டோ ரோம் தோல் பதனிடப் பயன்படுத்தி வந்தார். தோலில் வேலை செய்வது துணியிலும் வேலை செய்யும் என்று கண்டு, 1913இல் நொதியம் கலந்த சலவைப் பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று சலவைத்தூளில் உள்ள நொதியங்களைப் பெரும்பாலும் நுண்ணுயிர்களிலிருந்து எடுக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் நம் வீட்டுக்குத் தேவையான பாடம் இதுதான். காய்ந்த இரத்தக் கறையைக் குளிர்ந்த தண்ணீரில் சிறிது உப்புப் போட்டுச் சில மணிநேரம் ஊறவையுங்கள். தண்ணீரை மாற்றி, சவர்க்காரம் போட்டுக் கசக்குங்கள். அப்படியும் மிஞ்சினால், நொதியம் உள்ள சலவைத்தூளை இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஓர் இரவு ஊறவையுங்கள். கறை போகும்வரை இஸ்திரி போட வேண்டாம். மஞ்சள் கறை இதற்கு நேர்மாறு. சவர்க்காரம் பட்டால் சிவக்கும். பயப்படாதீர்கள், நன்றாக அலசி வெயிலில் போட்டால் மங்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வெளிற்றும் திரவத்தோடு தேசிக்காய்ச் சாற்றையோ மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

அந்தச் சீருடையை இரண்டு இரவுகள் ஊறவைக்கச் சொன்னோம். சூடு பட்டுவிட்டதால் முழுதாகப் போகவில்லை; உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மங்கியது. திங்கட்கிழமை பிள்ளை வந்துவிட்டாள்.

இலவசச் சீருடைத் துணி 1993 முதல் கிடைக்கிறது. இருந்தும் ஒரே சீருடையைத் தினமும் கழுவி உடுக்கும் பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்குச் சின்னதாகிவிட்ட நல்ல சீருடை அலுமாரியில் இருந்தால் கழுவி எம்மிடம் தாருங்கள். யாருக்குப் போகிறது என்பதை யாருக்கும் சொல்லமாட்டோம். ஒரு கறைக்காக ஒரு பிள்ளையின் நான்கு நாள் படிப்பு இனிப் போகக்கூடாது.