வாய்ப் பூஞ்சை நோயும் எச்.ஐ.வி.யும்: தமிழ்நாட்டு வரலாறு

வாய்ப் பூஞ்சை நோய் என்பது கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் நாக்கு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் ஆகிய இடங்களில் உண்டாகும் தொற்று. நலமாக இருப்பவர்கள் பலரின் வாயிலும் இப்பூஞ்சை தீங்கு செய்யாமல் வாழ்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது அது பெருகித் தயிர்த்திட்டு போன்ற வெண்படலமாகப் படிகிறது. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரவிய முதல் இருபது ஆண்டுகளில், ஆய்வக வசதி இல்லாத ஊரிலும் மருத்துவர் கண்ணால் பார்த்தே ஐயம் கொள்ளத்தக்க அறிகுறிகளுள் இது முதன்மையானதாக இருந்தது.

பழைய நோய்

இந்நோய் எச்.ஐ.வி.யோடு பிறந்ததன்று. குழந்தைகளின் வாயில் வெண்மையாகப் படியும் நோயைத் தமிழ் மருத்துவம் அக்கரம் என்று குறிப்பிடுகிறது. வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் இருந்தது; இன்றைய மருத்துவம் அதைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. ஐரோப்பாவில் 1839-இல் பெர்னார்ட் லாங்கன்பெக் என்ற ஜெர்மானிய மருத்துவர், டைபஸ் காய்ச்சலால் இறந்த ஒருவரின் உடலில் இப்பூஞ்சையைக் கண்டார். 1923-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டின் பெர்க்ஹௌட் அதற்குக் கேண்டிடா என்ற பேரினப் பெயரைச் சூட்டினார். கேண்டிடா, ஆல்பிகன்ஸ் ஆகிய இரு சொற்களுமே இலத்தீனில் வெண்மையைக் குறிப்பவை. ஆக, கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற பெயர் 'வெள்ளை வெள்ளை' என்று சொல்வது போலத்தான்.

கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு உள்ளவர்கள், நெடுநாள் நோயில் கிடப்பவர்கள் ஆகியோருக்கு வரும் நோய் என்றே மருத்துவ நூல்கள் இதை எண்ணி வந்தன. வேறு நோய் எதுவுமில்லாத முப்பது வயது இளைஞரின் வாயில் இது தோன்றினால் அதற்குக் காரணம் தேட வேண்டியிருந்தது.

1981-க்குப் பின்

அந்தக் காரணம் 1981 சூன் 5 அன்று வெளியான அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையிலிருந்து துலங்கத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அரிய வகை நிமோனியாவால் பாதிக்கப்பட்ட ஐந்து இளைஞர்களைப் பற்றிய சிறு குறிப்பு அது. எய்ட்ஸ் வரலாற்றின் முதல் ஆவணமாக அது கருதப்படுகிறது. நிமோனியாவே பரவலாகப் பேசப்பட்டாலும், அந்த ஐவருக்கும் கேண்டிடா தொற்றும் இருந்ததை அக்குறிப்பு பதிவு செய்துள்ளது. 1984-இல் ராபர்ட் கிளைன் குழுவினர், காரணமற்ற வாய்ப் பூஞ்சை நோய் எய்ட்ஸ் நோயின் முன்னறிவிப்பாக அமைவதை எடுத்துக் காட்டினர்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாததால் மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. அன்றைய சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே இச்செய்தியைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தப் பெண்கள் நோயாளிகளாகத் தோன்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தொற்று உடலில் புகுந்து வாயில் வெண்படலமாக வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் தமிழகத்து மருத்துவமனைகளில் இந்நோயாளிகள் பெருகியது 1990-களில்.

தாம்பரமும் தரமணியும்

சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் அமைப்பைத் தொடங்கினார். பின்னர் அது தரமணியில் உள்ள தன்னார்வ மருத்துவ சேவை மருத்துவமனை வளாகத்தில் இயங்கியது. 1928-இல் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய தாம்பரம் சானடோரியமும் அதே காலத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. மற்ற மருத்துவமனைகள் பல, பிரிவு பிரிவாக அலைக்கழித்தோ கதவைச் சாத்தியோ அனுப்பியவர்கள் இங்கே வந்து சேர்ந்தனர். கீழ்ப்பழனி மலையின் ஆடலூர், தாண்டிக்குடி போன்ற ஊர்களிலிருந்து தாம்பரம் செல்ல வேண்டுமானால், மலையிறங்கித் திண்டுக்கல் வந்து, அங்கிருந்து மேலும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். விழுங்க முடியாமல் மெலிந்த ஒருவருக்கு அது எளிய தொலைவன்று.

விழுங்க முடியாமை என்பதை இங்குச் சற்று விளக்க வேண்டும். வாயில் மட்டும் பூஞ்சை இருக்கும்போது எரிச்சலும் சுவையின்மையும் தோன்றும்; காரமும் புளியும் நாக்கில் படக் கூசும். அது உணவுக்குழாயில் இறங்கினால் சோற்றுக் கஞ்சி விழுங்குவதும் வேதனையாகிவிடும். உணவு குறைய எடை குறையும்; காசநோயும் சேர்ந்துகொண்டால் உடல் விரைவில் கரையும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்நிலைப் பகுப்பில் வாய்ப் பூஞ்சை மூன்றாம் நிலையிலும் உணவுக்குழாய்ப் பூஞ்சை இறுதியான நான்காம் நிலையிலும் வைக்கப்பட்டிருப்பதற்கு இதுவே பொருள்.

எதிர்ப்பாற்றலை அளக்கும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும் சோதனை அன்று செலவு மிக்கது. சில நகரங்களில் மட்டுமே கிடைத்தது. வாயைத் திறந்து பார்ப்பதற்கோ டார்ச் விளக்கும் நாக்கை அழுத்தும் பட்டையும் போதும். ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியின் கே. ரங்கநாதனும் ஒய்.ஆர்.ஜி. கேர் மருத்துவர்களும் இணைந்து, எச்.ஐ.வி. உள்ள 300 தென்னிந்தியர்களின் வாயை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஈறு அழற்சியும் வெண்படலப் பூஞ்சையும் அதிகம் காணப்பட்டன. பின்னர் இவ்வாய்வு 1000 பேருக்கு விரிவாக்கப்பட்டது. மேலைநாட்டு நூல்கள் எச்.ஐ.வி.யின் அடையாளமாகக் கூறும் மயிர் போன்ற வெண்திட்டு இங்கே குறைவாகவே தென்பட்டது. வெற்றிலை, புகையிலை மெல்லும் வழக்கமுள்ள நாட்டில் வாய் வெண்மைக்கு வேறு காரணங்களும் உண்டு. துணியால் துடைத்தால் பூஞ்சைப் படலம் பெயர்ந்து அடியில் சிவந்த புண் தெரியும். புகையிலையால் வரும் திட்டு பெயராது.

அடையாளம் கண்ணுக்குத் தெரிவதில் நோயாளிக்குக் கெடுதலும் இருந்தது. மலிவான மருந்தான ஜென்சியன் வயலெட் தடவினால் உதடும் நாக்கும் ஊதா நிறமாகிவிடும். நோயை வீட்டாரிடமும் மறைத்து வைத்தவருக்கு அதைவிடத் துன்பம் வேறில்லை.

மருந்து

1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் ஆகிய இரு பெண் அறிவியலாளர்கள் கண்டுபிடிப்பாக அறிவித்த நிஸ்டாட்டின், பூஞ்சைக்கு எதிரான தொடக்ககால மருந்துகளுள் ஒன்று. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் அவர்கள் பணியாற்றியதால் அந்தப் பெயர். நிலைமையை மாற்றியது, பைசர் நிறுவனம் உருவாக்கிய ஃப்ளுகோனசோல் மாத்திரை. ஒன்றிரண்டு வாரங்களில் பெரும்பாலோருக்கு வாய் தெளிந்துவிடும். 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காததால், இந்திய நிறுவனங்கள் இதைக் குறைந்த விலையில் தயாரித்தன. இதே மருந்தின் விலையை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவில் 2000-இல் போராட்டம் நடந்தது. சேக்கி அக்மட் தாய்லாந்திலிருந்து மலிவு மாத்திரைகளைச் சட்டத்தை மீறிக் கொண்டு வந்தார். இந்திய நோயாளி அந்த ஒரு வகையில் மட்டும் நல்வாய்ப்புப் பெற்றவர்.

ஆனால் மாத்திரை முடிந்ததும் பூஞ்சை திரும்பி வந்தது. எதிர்ப்பாற்றல் சரிந்தே கிடந்ததுதான் காரணம். சிலருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சையும் வளர்ந்தது. எச்.ஐ.வி.யையே அடக்கும் கூட்டு மருந்துகள் 1996 முதல் மேலைநாடுகளில் புழங்கினாலும், அவற்றின் விலை இங்குப் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் அவற்றை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அவற்றுள் தாம்பரமும் ஒன்று. தொடக்கத்தில் சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழ் இறங்கியவர்களுக்கே முதன்மை தரப்பட்டதால், மருந்துக்காகக் காத்திருந்தவர்கள் பலர் வாயில் வெண்படலத்தோடுதான் வந்தனர். பின்னர் சிகிச்சை மையங்கள் மாவட்டங்களுக்குப் பரவின. எண்ணிக்கை எதுவானாலும் தொற்று உறுதியானவுடன் சிகிச்சை என்ற விதி 2017-இல் வந்தது.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு மருத்துவம் மறுப்பதைத் தடை செய்யும் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது வாய்ப் பூஞ்சையுடன் வருபவர்களில் பெரும்பாலோர், சோதனை செய்துகொள்ளாமலே ஆண்டுகளைக் கடத்தியவர்கள் அல்லது மருந்தை நடுவில் நிறுத்தியவர்கள்.