கழுத்தில்லாத தோட்டா

ஆவடி என்றால் டாங்கி. அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் வளர்ந்தவர்களைக் கேட்டால், ஊரின் பெயரே "ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா" என்பதன் முதல் எழுத்துகள்தான் என்று சத்தியம் செய்வார்கள். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோதே ஊருக்குப் பெயர் ஆவடிதான். கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததோ 1960-களில். அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965 டிசம்பரில். ஆக, அது யாரோ கட்டிவிட்ட கதை!

டாங்கி பெரிய பொருள், எல்லோர் கண்ணிலும் படும். சிறப்புக் காவல்படை முகாம்கள் இருக்கிற ஊர் என்பதால் துப்பாக்கியைத் தோளில் போட்ட காவலரும் ஆவடிக்குப் புதிதில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கிக்குள் போகிற தோட்டாவை யார் கவனிக்கிறார்கள்? இந்திய போலீஸ்காரருக்கென்றே ஒரு காலத்தில் தனியாக ஒரு தோட்டா செய்தார்கள். ராணுவத் தோட்டாவுக்கும் அதற்கும் இருந்த முக்கியமான வித்தியாசம், தொழிற்சாலையில் வேண்டுமென்றே செய்யாமல் விட்ட ஒரு வேலை. அந்த வேலையை ஏன் விட்டார்கள் என்பதில் 1857-க்குப் பிந்தைய இந்திய வரலாறு கொஞ்சம் ஒளிந்திருக்கிறது.

முதலில் ராணுவத் தோட்டா. பழைய சினிமாக்களிலும் காவல் நிலையங்களிலும் புகழ்பெற்ற "த்ரீ நாட் த்ரீ" 1888-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்தது. பெயரில் இருப்பது துப்பாக்கிக் குழலின் உள் அகலம், அதாவது .303 அங்குலம். தோட்டாவின் உறை பித்தளை. சின்னக் கண்ணாடிப் புட்டி மாதிரி இருக்கும்: கீழே அகலம், மேலே தோள், அதற்கு மேல் ஒடுங்கிய கழுத்து. அந்தக் கழுத்துதான் குண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த உறையைச் செய்கிற விதம் நம்மூர் கன்னாருக்குச் சொன்னால் உடனே புரியும். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டில் வட்டமாக ஒரு வில்லை வெட்டுவார்கள். அதை அழுத்திக் கிண்ணம் ஆக்குவார்கள். கிண்ணத்தை இழுத்து இழுத்து நீளமான குழாய் ஆக்குவார்கள். பித்தளைக்கு ஒரு குணம் உண்டு. அடித்தாலும் இழுத்தாலும் இறுகிப்போகும். அதற்கு மேல் வற்புறுத்தினால் விரிசல் விடும். சூடு காட்டினால் மறுபடி இளகும். குடம் தட்டுகிறவர் நடுநடுவே அடுப்பில் வைத்து எடுப்பது இதற்காகத்தான். தோட்டாத் தொழிற்சாலையிலும் ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் உலை உண்டு.

கடைசிக் கட்ட வேலைகளில் ஒன்று கழுத்தை ஒடுக்குவது. .303 தோட்டாவுக்குள் இருந்தது தூள் மருந்து அல்ல. கார்டைட் என்கிற, சேமியா மாதிரி நீளமான இழைகள். (நீலகிரி அருவங்காட்டில் 1903-04-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலையின் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.) அந்த இழைக்கட்டை ஒடுங்கிய கழுத்து வழியாக நுழைப்பது கஷ்டம். அதனால் உறை நேராக இருக்கும்போதே இழைகளைச் செருகிவிட்டு, பிறகு கழுத்தை ஒடுக்குவார்கள்!

அந்தக் கழுத்தை ஒடுக்காமலே விட்டுவிட்டால்? அதுதான் ".410 மஸ்கெட்" தோட்டா. அதே பித்தளை, அதே அடிப்பாகம். வாய் மட்டும் அகலமாக, ஏறக்குறைய நேர்க்குழாயாக இருக்கும். அதற்குள் ஒற்றைக் குண்டையோ, சில்லறைக் குண்டுகளையோ வைக்கலாம். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் இதை ரசிக்கலாம்: அடிப்படைக் கச்சாப் பொருள் மாறவில்லை, இழுக்கும் இயந்திரங்கள் மாறவில்லை, ஒரு வேலை குறைகிறது, புதிதாக ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது.

துப்பாக்கியும் அப்படித்தான். வங்காளத்து இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில், படையில் இருந்த லீ என்ஃபீல்டு ரைஃபிள்களையே எடுத்து மாற்றினார்கள். ரைஃபிள் குழலின் உள்ளே சுருள் சுருளாக வரிப்பள்ளங்கள் இருக்கும். குண்டைச் சுழல வைத்து நேராகப் போகச் செய்வது அவைதான். மஸ்கெட்டில் அந்த வரிகள் இல்லை; .410 அங்குல அகலத்தில் வழுவழுப்பான குழல். பத்துத் தோட்டா பிடிக்கிற பெட்டியின் இடத்தை மரக்கட்டை வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டாவைக் கையால் எடுத்துப் போட வேண்டும். இப்படி மாற்றிய துப்பாக்கிகள் காவலர்களுக்கும் சிறைக் காவலர்களுக்கும் போயின.

ஒரு நல்ல ரைஃபிளை எடுத்து, செலவு செய்து, மெனக்கெட்டு அதை மோசமாக்க வேண்டிய அவசியம் என்ன?

இச்சாப்பூருக்கு மிக அருகில் இருக்கிற ஊர் பாரக்பூர். 1857 மார்ச் 29-ல் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கியது அங்கேதான். கொழுப்பு தடவிய தோட்டா விவகாரம் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது; மீண்டும் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடத்தில் வராதது. கலகம் அடங்கியதும் இந்தியச் சிப்பாய்களுக்கென்று வரிப்பள்ளம் இல்லாத மஸ்கெட் தனியாக வந்தது. .577 அங்குல என்ஃபீல்டு ரைஃபிளின் தோற்றம்தான், குழல் மட்டும் .656 அங்குலத்துக்கு அகலமாக்கப்பட்ட வழுவழுப்பு. பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாயிடம் தூரத்துக்குக் குறி தப்பாத ரைஃபிள், இவனிடம் பார்வைக்கு அதே மாதிரி ஒன்று. பீரங்கிப் படையைப் பெரும்பாலும் ஐரோப்பியர் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு வந்த பல பத்தாண்டுகளில் இந்தியப் படைக்கு ஆயுதம் ஒரு தலைமுறை பின்தங்கியே கிடைத்தது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் வாங்கச் சொன்னது, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது.

.410 மஸ்கெட் இந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அதன் கணக்கு எளிமையானது. காவலரிடமிருந்து மஸ்கெட்டைக் கூட்டம் பறித்துக்கொண்டாலும், காவலரே எதிர்ப்பக்கம் போய்விட்டாலும், தூரத்தில் நிற்கும் பட்டாளத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. எங்கிருந்தாவது ராணுவத் தோட்டாவைத் திருடி அதில் போட்டால், ஒல்லியான .303 குண்டு அகலமான குழலில் தடுமாறி எங்கேயோ போகும். போலீஸ் தோட்டாவைத் திருடி ராணுவ ரைஃபிளில் போடலாம் என்றால், கழுத்தில்லாத உறை உள்ளேயே போகாது. தோளில் முட்டி நிற்கும். இரண்டு பக்கமும் பூட்டு! அருகில் நிற்கும் கூட்டத்தைச் சுடுவதற்கு மட்டும் அந்தத் துப்பாக்கி தாராளமாகப் போதும்.

எகிப்திலும் இதே கவலை இருந்தது. அங்கே காவலர்களுக்காகப் பர்மிங்காமின் கிரீனர் கம்பெனி செய்த துப்பாக்கி இதற்கு நேர் எதிர் வழியில் போனது: புட்டி மாதிரி கழுத்துள்ள விசேஷத் தோட்டா, அதை வெடிக்க வைக்க முப்பல் ஊசி. சாதாரண வேட்டைத் தோட்டாவைப் போட்டால் வெடிக்காது. இந்தியாவில் கழுத்தை எடுத்துச் சாதித்ததை அங்கே கழுத்தை வைத்துச் சாதித்தார்கள்.

தோட்டாவின் அளவை வைத்து ஆட்களைக் கட்டுப்படுத்தும் இந்த யோசனை வேட்டைக்காரத் துரைமார்களையும் விடவில்லை. பழைய மார்டினி ஹென்றி ரைஃபிளின் குழல் .450 அங்குலம். அந்தத் துப்பாக்கிகள் தவறான கைகளில் நிறைய இருந்தன. அதனால் 1907-ல் .450 அளவுத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்கும் சூடானுக்கும் இறக்குமதி செய்யத் தடை வந்தது. யானை, புலி வேட்டைக்கு மிகவும் விரும்பப்பட்ட அளவும் அதுதான்! லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .475 என்று தடைக்குள் வராத அளவுகள் வரிசையாக வந்துவிட்டன. வரி விதியில் ஸ்லாப் மாறினால் கடைக்காரர் பாக்கெட் அளவை மாற்றுவது போல. அந்த .470 இன்றும் ஆப்பிரிக்க வேட்டையில் பிரபலம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. அதில் இந்தியர், ஐரோப்பியர் பேதம் இல்லை. அளவு பார்க்கும் பழக்கம் ஒழியவில்லை. 1962-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில், பொதுமக்கள் சாதாரணமாக வைத்திருக்கக் கூடாத துப்பாக்கிகளின் பட்டியல் இருந்தது. .303 ரைஃபிள் இருப்பது எதிர்பார்த்ததுதான். அதோடு .410 மஸ்கெட்டும் அதில் இருந்தது! நம்ப முடியாத போலீஸ்காரனுக்கென்று பல் பிடுங்கிக் கொடுத்த துப்பாக்கி, குடியரசில் குடிமகனுக்கு ஆகாத துப்பாக்கி ஆயிற்று. சொந்தமாக உரிமம் பெற்றவர்களுக்காக இச்சாப்பூரில் தனியாக .315 ரைஃபிள் செய்தார்கள். அதன் தோட்டா பழைய ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாதான். இந்திய ராணுவத்திடம் இல்லாத அளவு என்பதே அதன் தகுதி.

மஸ்கெட்டுகள் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன. கழித்துக்கட்டியவற்றில் ஒரு பகுதி அமெரிக்கா, கனடா பக்கம் பழம்பொருள் பிரியர்களிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு சிக்கல். கடையில் கிடைக்கிற .410 வேட்டைத் தோட்டா இதில் போகாது, அதன் அடிப்பாகம் பருமன். இந்தியத் தோட்டாவோ கிடைப்பதில்லை. தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகள் அவை. எனவே அவர்கள் .303 உறையை எடுத்து அதன் கழுத்தைத் திறந்தார்கள். கழுத்தைச் சூடு காட்டி இளக்கி, குண்டில்லாமல் துப்பாக்கிக்குள்ளேயே வெடிக்க வைத்து, வெடிப்பின் அழுத்தத்தால் கழுத்தை வெளியே தள்ளி விரிப்பது அவர்கள் முறை. தொழிற்சாலை ஒடுக்கியதை வீட்டில் ஒடுக்காததாக்குகிறார்கள். முறையாக இளக்காத உறை இதில் நீளவாக்கில் கிழிந்துவிடும்.

பித்தளைக் கழுத்தின் இந்தக் கோபத்தையும் உலகம் முதலில் கவனித்த இடங்களில் ஒன்று இந்தியாதான். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களை, மழை விட்டு எடுத்துப் பார்த்தால் கழுத்தில் விரிசல். யாரும் தொடவே இல்லை! பருவத்தோடு வருவதால் பருவ விரிசல் என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். காரணத்தை 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். ஒடுக்கிய கழுத்தில் ஓர் இறுக்கம் உள்ளேயே தங்கியிருக்கிறது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஈரத்தோடு சேர்ந்து அந்த இடத்தைத் தேடிப் பிளக்கிறது. கழுத்தைக் கடைசியில் ஒருமுறை சூடு காட்டி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் போதும். கன்னார் கேட்டிருந்தால் பாதியையாவது சொல்லியிருப்பார்.

.303-க்கும் முடிவு வந்துவிட்டது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்தது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலைகள் எல்லாம் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தன. இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை ஒன்றுக்கு, அருவங்காடு வேறொன்றுக்கு, ஆவடி டாங்கித் தொழிற்சாலை இன்னொன்றுக்கு என்று போனது.

கனடாக்காரர் செய்வதை இங்கே வீட்டில் செய்ய நினைத்தால் நடக்காது. நம் ஆயுதச் சட்டத்தில் 'தோட்டா' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம்; உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். காவல்துறைப் பயிற்சிகளில் சுட்டு முடித்ததும் குனிந்து காலி உறைகளைப் பொறுக்கி, எண்ணி, கணக்கோடு ஒப்படைப்பது வழக்கம். சுட்ட தோட்டா எத்தனையோ அத்தனை காலி உறை வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பதிவேட்டில் எழுதிப் பதில் சொல்ல வேண்டும்.